உப்புத் தண்ணீர் வந்த வழி

கூட வேலை பார்க்கிற அக்காவுக்கு மூக்கக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். அவள் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். எங்கள் கழிவுநீர் நிலையத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு குழாய் சொட்டாது.

நான் பம்ப் பார்க்கிறவன், அவள் லேப் பார்க்கிறவள். ஊர் முழுக்கக் குளித்துத் துவைத்துக் கழுவி அனுப்பும் தண்ணீர், தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்கள் வழியாக என்னுடைய கிணற்றில் வந்து விழும். நான் அதை மேலே ஏற்றிவிடுவேன். காற்றடிக்கும் தொட்டி, தெளியும் தொட்டி, குளோரின் தொட்டி என்று வரிசையாக இறங்கிக் கடைசியில் அது கடலுக்குப் போகும். போகிற தண்ணீர் போகத் தகுந்ததுதானா என்று சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே, ஒரே நாற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பழகிவிட்டால் அது நாற்றமே இல்லை. வெளியே போனால்தான் எங்களுக்கு மூக்கில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

காலையில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தால் அக்கா நேரே உள்ளே போக மாட்டாள். இரண்டு எட்டு வைத்து நின்று ஒரு மூச்சு இழுப்பாள். ஈர மண் வாசனை வந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை வாடை லேசாக வந்தாலும், எந்த மோட்டார் நின்றது என்று அங்கிருந்தே கேட்பாள். மீட்டரெல்லாம் அப்புறம்தான். ஒருமுறை இன்ஜினியர், மீட்டர் வேறு மாதிரி காட்டுகிறதே என்றார். அப்படியானால் மீட்டரை மாற்றுங்கள் என்றாள். புது மீட்டர் வந்தது, அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. அன்றிலிருந்து இன்ஜினியரே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அந்த மூக்கு தண்ணீரோடு நின்றிருந்தால் சொல்ல ஒன்றும் இல்லை. அது மனிதர்களையும் மோந்து பார்க்கிற மூக்கு. டீத்தூள் டப்பாவை மூடுவதற்கு முன்னால், யாராவது எடுத்தால் தெரியட்டும் என்று தூளின் மேல் கரண்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டுத்தான் மூடுவாள். யாராவது வழக்கத்தைவிட ஒரு சிரிப்பு கூடச் சிரித்துவிட்டால் அன்று முழுவதும் அவர் பின்னாலேயே அவள் கண் போகும். கல்யாணமான இரண்டாவது வருடம் அவள் கணவர் கப்பல் வேலைக்குப் போனார். ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு, ஆள் தவறிவிட்டார் என்று கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. தாளை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அதை மடித்து வைத்துவிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் துறைமுகத்தில் இறங்குகிற வயதான மாலுமிகளை அவள் ஒரு பார்வை பார்க்காமல் விடுவதில்லை. ஏக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை, கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

சிரிக்கலாம். ஆனால் அவளுடைய சந்தேகம் பாதிக்கு மேல் பலித்திருக்கிறது, அதுதான் கஷ்டம். வண்டிப் பட்டறைக்காரர் பழைய எண்ணெயை ராத்திரியோடு ராத்திரியாகச் சாக்கடையில் விட்டதை ஐந்து தெருவுக்கு அப்பால் நின்று கண்டுபிடித்தாள். வந்திறங்கிய குளோரின் பீப்பாய்களில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று மூடியைத் திறந்ததுமே சொன்னாள். பரிசோதித்தார்கள், கலந்துதான் இருந்தது. அதனால் ஊரில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: அந்தம்மா சொன்னால் சொன்னதுதான். நானும் அந்தப் பேச்சைப் பெருமையாகப் பரப்பியிருக்கிறேன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை ஒளிக்கப்போவதில்லை, அது நடந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை அது தொடங்கியது. தொட்டித் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடிச் சிலிண்டரில் ஊற்றி அரைமணி நேரம் ஆடாமல் வைப்பது அக்காவின் தினசரி வேலை. பழுப்புக் கசடு கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். அந்தக் கசடுதான் எங்கள் உண்மையான வேலையாள். ஊர் அழுக்கைத் தின்று தீர்க்கிற கோடிக்கணக்கான கிருமிகள் அதில் இருக்கின்றன. நாங்கள் பூச்சி என்போம். அன்று ஒரு மணி நேரம் ஆகியும் சிலிண்டர் கலங்கியபடியே இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும், பூச்சிகள் சுருண்டு கிடக்கின்றன, யாரோ உப்பைக் கொட்டியிருக்கிறார்கள் என்றாள். உப்பு மீட்டரை என் கிணற்றில் இறக்கினோம். முள் எகிறியது.

செவ்வாய், புதன், வியாழன் என்று உப்பு தொடர்ந்து வந்தது. வெளியே போகிற தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்துப் போனது. கரையில் யாரும் குளிக்கக் கூடாது என்று பலகை நட்டார்கள். ஒரு வாரத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் மேலிடத்துக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இன்ஜினியர் புலம்பினார். அக்கா புலம்பவில்லை. ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தாள். திங்கள் காலை பத்து மணிக்கு உப்பு ஏறத் தொடங்கியது. செவ்வாய் பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால். புதன் பதினொன்றே முக்கால். வியாழன் பன்னிரண்டரை. அந்த நோட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா பம்ப்பு. தினமும் முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளி விடுறான். நாம காத்திருக்கிற நேரத்துக்கு வர மாட்டேங்கிறான். திருடனுக்கு மூளை இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊரிலிருந்து வருவதையே பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? சனிக்கிழமை உப்பு நின்றுபோனது. உஷாராகிவிட்டான் என்றாள் அக்கா. பத்து நாள் கழித்து மறுபடி வந்தது, அதே மாதிரி தள்ளித் தள்ளி. பார், துணிந்துவிட்டான் என்றாள்.

உப்பை அந்த அளவுக்கு வைத்திருக்கிறவர்கள் ஊரில் மூன்றே பேர். ஐஸ் கம்பெனி, ஓட்டல் நீச்சல் குளம், அப்புறம் மீனுக்கு உப்புப்போடும் கொட்டகை. முதல் இரண்டையும் ஒரே நாளில் பார்த்து விலக்கிவிட்டாள். மூன்றாவதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அந்தக் கொட்டகை அவள் தம்பியுடையது.

தம்பிக்கு ஒன்பது வயதும் அக்காவுக்குப் பத்தொன்பது வயதுமாக இருந்தபோது அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். நிலையத்தில் சாம்பிள் பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து அவனை வளர்த்தவள் அவள். பாட்டில் கழுவிக்கொண்டே அதற்குள் என்ன இருந்தது என்று கற்றுக்கொண்டு லேபுக்கு வந்தாள். அவன் மீன் கூடை தூக்கி, பிறகு நாலு சிமெண்ட் தொட்டி கட்டி, இன்று முப்பது பெண்களுக்கு வேலை கொடுக்கிறான். தொட்டிகளில் மீன் ஊறிய உப்புநீரைச் சாக்கடையில் விடக் கூடாது. டேங்கர் வந்து எடுத்துப் போக வேண்டும். கை கழுவுகிற தண்ணீர் மட்டும்தான் எங்கள் குழாய்க்கு வரலாம். அந்த விதியை அவனுக்கு எழுதிக் கொடுத்ததே அக்காதான்.

அந்த வாரம் பார்த்து அவன் நிலையத்துக்கு வந்தான். அக்காவுக்கு ஒரு புதுக்குடை வாங்கி வந்திருந்தான். வெயில் அதிகமாக இருக்கிறது, நடந்து வருகிறாயே என்றான். அவன் போன பிறகு அக்கா குடையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பத்து வருடமாக இல்லாத வெயில் இந்த வாரம் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கே அந்தக் குடை கொஞ்சம் பேயாகத்தான் தெரிந்தது.

மறுநாள் இருவரும் மீட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவில் கொட்டகையும் இரண்டு வீடுகளும்தான். கொட்டகை வாசலில் ஒரு மேன்ஹோல் உண்டு, ஆனால் ரோடு போட்டவர்கள் அதன் மூடியையும் சேர்த்துத் தாரில் புதைத்துவிட்டார்கள். அதனால் தெருக்கோடியில் இருக்கிற கீழ் மேன்ஹோலைத் திறந்தோம். வீடுகளிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் வருகிற தண்ணீர் அங்கே வந்துதான் திரும்பி என் கிணற்றுக்குப் போகும். அக்கா மீட்டரை இறக்கினாள். தூய உப்பு. எங்கள் தொழிலில் தண்ணீருக்கு ஒரே திசைதான், மேலிருந்து கீழே. கீழே உப்பு என்றால் மேலே இருக்கிறவன் விட்டான். இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள் அவ்வளவு உப்புக்கு?

மூடியை மூடிவிட்டு அக்கா அங்கேயே நின்றாள். கொட்டகையிலிருந்து பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. உள்ளே போய் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றேன்.

"கேட்டா இல்லன்னு சொல்லுவான். அப்புறம் அவன் பொய் சொன்னவனும் ஆயிடுவான். தப்பு பண்ணவனா மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டை அவள் கையால் எழுதினாள். உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டு, யாருடைய கொட்டகை என்பது நினைவுக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். முப்பது பெண்களும் வாளியையும் ரப்பர் செருப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்றார்கள். நானும் அக்காவும் எதிர்ப்பக்கம் நின்றோம். தம்பி பூட்டையும் அரக்கையும் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். திட்டவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதுதான் பேசவில்லை என்று அக்கா திரும்பி வரும்போது சொன்னாள்.

அடுத்த ஒன்பது நாள் தண்ணீர் தெளிந்தது. சிலிண்டரில் கசடு அழகாக இறங்கியது. பலகையைப் பிடுங்கினார்கள். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் மறுபடி சொன்னது. அவள் மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடி வீட்டுக்கே எடுத்துப் போனாள். டீத்தூளில் கோடு கிழிப்பது நின்றுபோனது, அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். ஒருநாள் மத்தியானம், அவன் வீட்டில் சமைக்கிறார்களா என்று உன் மனைவியிடம் கேட்டுப் பார்க்கிறாயா என்றாள். கேட்டேன். சமைக்கிறார்கள் என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அவளுக்குப் போதவில்லை.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு மீட்டர் முள் எகிறியது.

அக்காவின் முகத்தில் முதலில் வந்தது கோபம். சீலை உடைத்துவிட்டான், திமிர் பார் என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினாள், நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கொட்டகைப் பூட்டில் அரக்கு வைத்தபடியே இருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தோம். நாலு தொட்டியும் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்தன. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அவற்றை மாறி மாறிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு கதவு இருக்குமோ என்றாள். சுற்றி வந்தோம். பின்பக்கம் சுவர்தான்.

"கடப்பாரை எடுத்துட்டு வா" என்றாள்.

தாரை உடைத்துக் கொட்டகை வாசல் மேன்ஹோலைத் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. மீட்டரை இறக்கினாள். நல்ல தண்ணீர். வீடுகளில் யாரோ துணி துவைத்த சோப்பு வாசனை மட்டும் வந்தது. கீழ் மேன்ஹோலுக்கு ஓடினோம். அங்கே உப்புத் தண்ணீர், முழங்கால் உயரத்துக்கு. அக்கா மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். அது மேலேயிருந்து கீழே போகவில்லை. கீழேயிருந்து மேலே, கடல் பக்கமிருந்து எங்களை நோக்கி வந்தது.

அந்த மேன்ஹோலில் இன்னொரு குழாயின் வாய் உண்டு. பெருமழையில் சாக்கடை தெருவில் பொங்காமல் இருக்க, மிஞ்சுகிற தண்ணீரைக் கடலுக்கு விடுகிற குழாய். வெளியே போகிற வழி அது, அதில் உள்ளே ஒன்று வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. குழாயின் கடல்பக்கத்தில் கனமான இரும்பு மூடி தொங்கும். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். மணலில் இறங்கி அங்கே போனோம். மூடி மூடவில்லை. அறுந்த வலைக்கயிறும் மிதவைக் கட்டையும் இடுக்கில் சிக்கி, நாலு விரல் அகலத்துக்கு வாய் பிளந்து நின்றது. ஒவ்வொரு அலைக்கும் கடல் சாவகாசமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவரிடம், தண்ணீர் எப்போதும் இவ்வளவு ஏறுமா என்று அக்கா கேட்டாள். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் இப்படித்தான் ஏறும், நடுவில் ஏறாது என்றார். இன்று பதினொன்றுக்கு ஏறினால் நாளைக்குப் பதினொன்றே முக்கால், இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார். ஊரில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். மூளையுள்ள திருடனை இத்தனை நாளும் நாங்கள் துரத்தியிருக்கிறோம். அது பாட்டுக்கு அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது என் பங்கு. மாதம் ஒருமுறை அந்த இரும்பு மூடியைப் போய்ப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். ஏழு மாதமாக நான் போகவில்லை. முழங்கால் வலி என்று ஒரு மாதம் விட்டேன். வெயில் என்று அடுத்த மாதம். பிறகு காரணமே தேவைப்படவில்லை, பேனா மட்டும் போதுமாக இருந்தது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்பார்களே, நான் அந்தப் பூனையோடு அக்கா பின்னால் தெருத்தெருவாக மீட்டர் தூக்கியிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அந்த மூடி நினைவுக்கே வரவில்லை. அது இன்னும் கேவலம்.

கயிற்றில் விரல் தடிமனுக்குச் சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. ஒரு வாரத்தில் வளர்கிற சிப்பி இல்லை. எதையும் விடாத அக்கா அதைப் பார்க்காமல் எழுந்தாள். நீதான் மாதாமாதம் பார்த்துவிட்டு வருகிறாயே, இப்போதுதான் சிக்கியிருக்கும் என்றாள். உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் நான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவள் என் ரெஜிஸ்டரைப் புரட்டியதில்லை. கயிற்றை வெட்டி எடுத்தேன். மூடி தானாகச் சாத்திக்கொண்டது.

அப்படியே அங்கிருந்து தம்பி வீட்டுக்குப் போனோம். கால் முழுக்க மணல். அவன் முன்னறையில் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறவன் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே என்னவோ போல் இருந்தது. அக்கா உட்காரவில்லை.

"கடல் தண்ணிடா. நீ விடல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

தனக்குத் தெரியும் என்றான் அவன். தான் விடவில்லை என்று தனக்குத் தெரியாதா என்றான். அப்படியானால் ஏன் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள், அவளுக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது.

"உன் மூக்கு தப்பாச் சொல்லாதுன்னு நம்பினேன் அக்கா. நான் விடல, ஆனா நீ சொல்லிட்ட. அப்ப உள்ள யாரோ விட்டிருக்கணும்ல? தொட்டி பாக்குற அம்மாவ வேலைய விட்டு அனுப்பிட்டேன்."

தொட்டிக்காரம்மாவை எனக்குத் தெரியும். கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து பதினாலு வருடமாக இருக்கிறவள். உப்புத் தொட்டிகளை நிரப்புவது, டேங்கர் வந்தால் தொட்டிக்கடியில் இருக்கிற அடைப்பைத் திறப்பது, போனால் மூடுவது எல்லாம் அவள்தான். அடைப்பு அவள் கையில் இருந்ததால் பழியும் அவள் தலையில் விழுந்திருக்கிறது. அந்தம்மா என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டாள்.

"சண்டையெல்லாம் போடல. 'உங்க அக்காவே சொல்லிட்டாங்கன்னா நான்தான் மறந்து திறந்து வச்சிருப்பேன்'னு சொல்லிட்டு, மன்னிப்புக் கேட்டுட்டுப் போனா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஏழு மாதமாக மூடியைப் போய்ப் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன் என்று சொன்னேன். ஒரே மூச்சில், இரண்டு பேருக்கும் பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னேன். தம்பி எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாலுமிகளைப் பார்க்கிற அந்தப் பார்வை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அது என் மேல் விழுந்தது.

"நீயும் வா. அங்க நீதான் சொல்லணும்" என்றாள்.

தொட்டிக்காரம்மாவின் வீடு சந்தைக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் பதறி எழுந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். நான் சொன்னேன். கடல், மூடி, கயிறு, என் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பேசி முடிக்கும் வரைக்கும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் திறந்து வைக்கலையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றாள் அக்கா.

"இந்தத் தடவை நல்லாப் பாத்துட்டீங்களா?"

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்த்துவிட்டேன், என் கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் உனக்கும் காட்டுகிறேன் என்றாள் அக்கா. பேசப் பேச அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. திங்கட்கிழமைக்குள் சீலை எடுத்துவிடுவார்கள், அவள் பழையபடி வர வேண்டும் என்று தம்பி கையைக் கூப்பிக் கேட்டான்.

தொட்டிக்காரம்மா அவனைக் கையை இறக்கச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, முடியாத வேலையை முடியாது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இல்லய்யா, நான் வரல. இந்தப் பத்து நாளா வீட்டுல அடுப்ப அணைச்சேனா, குழாய மூடினேனான்னு நாலு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்குறேன். அங்க வந்தா அந்த அடைப்பையேதான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அக்கா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. போகலாம் அக்கா என்று தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். காலையிலிருந்து நான் தூக்கித் திரிந்த அவள் செருப்பைப் படியோரம் வைத்தேன்.